முதல் பந்தி

பர்வீன் பானுவுக்கு இரண்டே கால் லட்சமாம்.

கையெழுத்துப் போட்டு முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் முதல் பந்தியில் நடு இலை அவளுக்கு. பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுகிறவள் யார்? நான்தான். ஒக்கூர் பெண்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன் துர்காதேவி.

வயிறு எரிந்தது. எரியாமல் குளிரவா செய்யும்?

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து எங்கள் லீக்கின் ஒப்பந்த நாளை வைத்திருந்தார்கள். பழைய ஒப்பந்தம் முடிந்தவர்கள் எந்த அணிக்கும் போகலாம். புதிதாகக் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், இரண்டு சீசனுக்கு அசைய முடியாது. எனக்கும் பழையது முடிந்துவிட்டது. காலையிலிருந்து காத்துக் கிடக்கிறேன், சம்பளத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

மதியச் சாப்பாடு எங்கள் அணி முதலாளி சோமு அண்ணன் செலவு. வெளியாட்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள். வீட்டு ஆட்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவோம். அதில் எனக்குக் குறை இல்லை. இவளுக்குப் பரிமாறச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

லீக்கில் சம்பளத்துக்கு ஒரு லிமிட் உண்டு. ஓர் அணி தன் ஆட்களுக்கெல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்தைத் தாண்டக் கூடாது. பணக்கார முதலாளி ஒருவரே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதாம். எங்கள் அணியில் மீதி இருந்தது இரண்டரை லட்சம். அதில்தான் இந்த நெட்டச்சிக்கு இரண்டே கால். மிச்சம் எனக்கு எவ்வளவு வரும்? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஐந்து சீசன் இந்த அணிக்காக முட்டியைத் தேய்த்தவளுக்கு அந்தச் சில்லறை! சுளுக்கிய காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடியவளுக்கு!

லீக்கின் விதிகளை எல்லாம் காலையில் மைக்கில் வாசித்தார்கள். யார் கேட்டது? நான் இவளுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வெளேரென்று புது ஷூ. அதைக் கழற்றி ஓரமாக வைக்கிற பவிசு வேறு.

சோமு அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் புள்ளைய மொதல்ல முடிச்சிருவோம். நீ கடைசியா வா, ஆத்தா."

கடைசியாக. கேப்டன் கடைசியாக வர வேண்டுமாம்.

நான் குனிந்து பாயசம் ஊற்றும்போது பர்வீன் பானு தலையைத் தூக்கினாள். "உங்க கூட ஆடணும்னுதான்க்கா இங்குட்டு வந்தேன்."

கொழுப்பைப் பாருங்கள். இரண்டே கால் லட்சத்தை மடியில் முடிந்துகொண்டு என்னிடம் குழைகிறாள். ஒரு முந்திரிகூட அவள் இலையில் விழுந்துவிடாமல் பார்த்து ஊற்றினேன்.

வாளியை அங்கேயே வைத்தேன். நேரே மண்டபத்தின் அந்தப் பக்கம் போனேன். நாச்சியாபுரம் அணியின் மருதுபாண்டி காலையிலிருந்து என்னைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே கால் லட்சம் என்றார். பேனாவைக் கொடுங்கள் என்றேன்.

அப்பாடா என்று இருந்தது. ஒக்கூர் என்ன ஆகிறது என்று பார்ப்போம். பந்தை யார் கொண்டுபோய் இவளிடம் கொடுப்பார்கள் என்றும் பார்ப்போம்.

சோமு அண்ணனின் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கத்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். துடைத்த மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை. சோமு அண்ணன் தானே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எங்குட்டு போன? உக்காரு. மைக்குல வாசிச்சாகள்ல, வெளியாளுன்னா லிமிட்டுக்குள்ளதான் எடுக்கணும். நம்ம கூட மூணு சீசன் ஆடுன பழைய ஆளுக்கு மட்டும் லிமிட்டைத் தாண்டியும் கொடுக்கலாம். உன்னைய மொதல்ல எழுதியிருந்தா அந்த எடம் ரொம்பிப் போயி, அந்தப் புள்ள கை விட்டுப் போயிருக்கும். அதான் அவளை உள்ள கொண்டாந்துட்டு உன்னைய நிறுத்தி வச்சேன். உனக்கு மூணு லட்சம், ஆத்தா. சாப்புட்டுட்டுக் கையெழுத்தைப் போடு."

அவர் ஓர் இலையில் உட்கார, நான் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

நான் வைத்துவிட்டுப் போன வாளியைத் தூக்கிக்கொண்டு பர்வீன் பானு வந்தாள். நீங்கள் சாப்பிடுங்கள் அக்கா, நான் பரிமாறுகிறேன் என்றாள். அடியில் கிடந்த முந்திரியை எல்லாம் துழாவித் துழாவி என் இலையில் ஊற்றினாள்.

மண்டபத்து மைக் கரகரத்தது. மதியம் கையெழுத்தான பெயர்களை வாசித்தார்கள். முதல் பெயர் துர்காதேவி. அணி நாச்சியாபுரம்.

பர்வீன் பானுவின் கரண்டி அப்படியே நின்றது.

சோமு அண்ணன் என்னை வையவில்லை. வைதிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தன் இலையை விட்டு எழுந்து வந்து, என் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"தெரியாமப் போச்சே. மொதப் பந்தியிலயே உக்கார வச்சிருப்பேனே."