வாயடைக்கிற ஊசி

“அந்த வடையக் கீழ வைங்க தம்பி!”

அருப்புக்கோட்டையில் இதய டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே இருந்த டீக்கடை அது. சுல்தான் வாய்க்குக் கொண்டுபோன வடையை ஆசியா உம்மா வெடுக்கென்று பிடுங்கி இலையில் போட்டாள். அவன் மச்சினி ஃபிர்தௌஸுக்கு அவள் மாமியாராகப் போகிறவள். நிக்காஹுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

கொழுப்புக்கு ஊசி என்று ஊரில் தெரிந்ததிலிருந்து, ஒரு வருஷமாக அவனுக்கு இதே பாடு. விருந்துக்குப் போனால் பிரியாணித் தட்டைத் தள்ளி வைப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் தொப்பையைக் காட்டிப் புத்தி சொல்வார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்தான். பக்கத்தில் ஈர்க்குச்சி போல நின்ற அவன் மனைவி ஷர்மிளா பானு தலையைக் குனிந்துகொண்டாள்.

“மாத்திர போட்டாக் கொழுப்பு கொறையாதாக்கும்?” என்றாள் ஆசியா உம்மா.

“கொறையல மாமி. இது பரம்பரையா வாரது. ஈரலுக்குள்ள ஒரு ஜீனு சேட்ட பண்ணுதாம். அத வாயடைக்கிற ஊசி. ஆறு மாசத்துக்கு ஒண்ணு.”

“பரம்பரையாவா? நல்லவேள தம்பி, உங்களோட போச்சு. பொண்ணு வீட்டு வழியில இப்பிடி ஒரு சீக்கு இருந்தா, எம்மகன் ஹாரிஸுக்கு இந்தச் சம்மந்தமே வேணாம்னுருப்பேன்.”

“ஃபிர்தௌஸுக்கு ஒரு கொறையும் இல்ல மாமி. நல்லாப் பாத்தாச்சு” என்றான் சுல்தான்.

அத்தா இல்லாத பெண். இரண்டு இடம் தட்டிப்போய் இதுதான் அமைந்திருக்கிறது.

ஆசியா உம்மா பாலவனத்தம் பஸ்ஸைப் பிடிக்கப் போனதும் இருவரும் மாடியேறினார்கள். பாதிப் படியில் ஷர்மிளா நின்றுவிட்டாள். சுல்தான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

“எம்புட்டு நாளைக்கு மச்சான் இந்தப் பேச்செல்லாம் கேப்பீக?”

“தொப்ப வச்சவன் கேக்கத்தான செய்யணும். மெதுவா ஏறு.”

மேலே நர்ஸ் முருகலட்சுமி ஊசியைத் தயாராக வைத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் சுல்தான் அங்கே கிடந்த நாற்காலியில் அக்கடாவென்று சாய்ந்தான். அவள் சிரித்துக்கொண்டே திரைச்சீலையை இழுத்தாள்.

“அண்ணே, நீங்க செத்த வெளிய இருங்க. அக்காவுக்கு வயித்துல ஊசி போடணும்.”