புதர் பற்றி ஒரு புகார்

"புல்டோசர் உள்ளே போகணும்னா முதல்ல என் மேல ஏறிப் போகட்டும்!"

கேட்டுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள் அக்கா. மடியில் யாருடைய சட்டையோ. மறியலோடு மறியலாகப் பொத்தானும் தைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரிக்கு ஏது விடுமுறை?

"பாதி மனை என்னுது அக்கா. இந்தப் புதரை வழிச்சு எடுத்தா நாலு கடை கட்டலாம்" என்றான் தம்பி.

"எது உன் பாதின்னு உள்ளே இருக்கிற தவளைங்ககிட்ட சொல்லிட்டு வா."

"காப்பாத்துங்கன்னு பசுமைத் துறைக்கு மூணு வருஷமா ஏழு மனு போட்டே. ஒரு ஈ காக்கா வந்துச்சா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்து இறங்கினார் பசுமைத் துறை ஆய்வாளர்.

"முந்தாநாள் ஒரு புகார் வந்திருக்கு. இந்த மனையில புதர், பூச்சி, தவளைச் சத்தத்துல தூங்க முடியலையாம். பேர் போடலை. எழுத்து வேற கோழி கிளறின மாதிரி."

தம்பிக்கு வாயெல்லாம் பல். "எழுதின புண்ணியவான் நல்லா இருக்கணும்! வாங்க சார், காட்டறேன்."

"எந்தக் கட்டையில போறவன் எழுதினான்?" என்று முணுமுணுத்தபடி அக்கா நாற்காலியை நகர்த்தினாள்.

தம்பியே முன்னால் போனான். முள் கிழித்தும் விடவில்லை. "இதோ சார், இந்தச் சனியன். அந்த இலைக்கு அடியில பாருங்க, புழு!" அவன் புரட்டாத கல் பாக்கியில்லை. ஆய்வாளர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து நோட்டை மூடினார்.

"அறுபத்து மூணு வகை. அத்தனையும் இந்த மண்ணுக்கே சொந்தமானது. ஐம்பது தாண்டினாலே பாதுகாப்புப் பட்டியல்ல ஏறிடும். இனிமே மனைக்குச் சொந்தக்காரரா இருந்தாலும் எங்க அனுமதி இல்லாம ஒரு கிளை ஒடிக்க முடியாது. ரொம்ப நன்றி சார்! நீங்க காட்டலைன்னா நாற்பதோட நின்னிருக்கும்."

பைக் போயிற்று. பின்னாலேயே புல்டோசரும் போயிற்று.

தம்பி தரையில் உட்கார்ந்தான். "ஏழு மனுவுக்கு வராதவன் ஒரு புகாருக்கு ரெண்டே நாள்ல வந்துட்டானே அக்கா!"

"மனு அலமாரியில ஏறும்டா. புகார்தான் பைக்ல ஏறும்."

தையல் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள் அக்கா. பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோழி கிளறினாற்போல் எழுத ஆரம்பித்தாள்:

'ஐயா, எதிர் மனையிலும் தவளைத் தொல்லை தாங்க முடியவில்லை...'