பக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது

"எழுந்திருங்கண்ணே, போகலாம். இந்த விசாரணையே செல்லாது!"

சங்கச் செயலாளர் இப்படிக் கத்தியபோது, ஏட்டையா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்திருந்தார்.

போலீஸ்காரர்கள் சங்கத்தின் செயலாளருக்கு 'சட்டப்புலி' என்ற பட்டம் சும்மா வந்துவிடவில்லை. பொதுமக்கள் புகார் கொடுத்தால் போலீஸ்காரரை எப்படி விசாரிக்க வேண்டும் என்ற விதிப் புத்தகம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதே அறைக்குப் பதினோரு பேருக்குத் துணையாக வந்து, பதினோரு பேரையும் மேலே தூசு படாமல் வெளியே கூட்டிப் போனவர். பன்னிரண்டாவது ஆள் ஏட்டையா.

அடுத்த மாதம் எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இருபத்தாறு வருடம் காத்திருந்து இப்போதுதான் ஏட்டையாவின் பெயர் அதில் ஏறியிருக்கிறது. புகார் நிரூபணமானால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

"நோட்டீஸ் கொடுத்து நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகணும் மேடம். இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு!"

விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். "நேரம் குறைஞ்சாலும் பரவாயில்லை, சீக்கிரம் விசாரிங்கன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார்."

கீழே ஏட்டையாவின் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, காகிதத்தின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது. அந்த வாலைக் கேலி செய்யாத ஆள் ஸ்டேஷனில் கிடையாது.

"ஏண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே தம்பி. நீயும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கோ."

"பக்கத்துல இருக்கிறவர் இனிமே பேசக் கூடாது" என்றார் அதிகாரி. "விதி உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சட்டப்புலிக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம்.

அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டார். கேள்வி கேட்பது ஒருவர்தான், மிரட்டல் கிடையாது, ஆசை காட்டுவது கிடையாது, தண்ணீர் வேண்டுமானாலும் பாத்ரூம் போக வேண்டுமானாலும் தயங்காமல் சொல்லலாம் என்று படித்துக்கொண்டே போனார். ஏட்டையா கச்சேரி கேட்பதுபோல் தலையாட்டினார்.

"இவ்ளோ மரியாதையா! நாங்க ஒருத்தரையும் இப்படிக் கேட்டதில்லையே மேடம்."

சட்டப்புலி மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

"புகார் இதுதான்" என்றார் அதிகாரி. "போன பதினாலாம் தேதி, சாயங்காலம் நாலு பத்து. பஸ் ஸ்டாண்ட் வாசல்ல சாவி செஞ்சு கொடுக்கிறவரை இடது கையால கன்னத்துல அறைஞ்சீங்க. அவர் பெட்டியை எட்டி உதைச்சீங்க. ரெண்டு அரம் சாக்கடையில விழுந்துச்சு."

சட்டப்புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கை, ரெண்டு அரம்... எவன் இப்படிக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவன்?

"சாவிக்காரன் கொடுத்த புகாரா மேடம்?" வாய் சும்மா இருக்கவில்லை.

"அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். யாரும் அடிக்கவே இல்லைன்னுட்டார். புகார் கொடுத்தவங்க ரொம்பக் கிட்ட இருந்து பார்த்தவங்க. வாக்குமூலத்துல கையெழுத்து ஆனப்புறம்தான் பேர் சொல்லுவேன். அதுவும் விதிதான்."

போன உயிர் திரும்பி வந்தது சட்டப்புலிக்கு. விதிப்படி ஐந்து நிமிட இடைவேளை கேட்டு வாங்கி, ஏட்டையாவை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, அடி வாங்கினவனே இல்லேங்கிறான். நீங்களும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த மாசம் தோள்ல ஸ்டார். அந்தப் புகார் கொடுத்தவன் பேரு மட்டும் தெரியட்டும், அவனைச் சும்மா விட மாட்டேன்."

"விட மாட்டியா?" ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வா, பாத்துக்கலாம்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதிகாரி கேட்டார். "அவரை அடிச்சீங்களா?"

"அடிச்சேன் மேடம்."

சட்டப்புலி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒரு வீட்டுல திருட்டு நடந்துச்சு. அந்தத் திருடனுக்குக் கள்ளச்சாவி போட்டுக் கொடுத்தது அவர்தான்னு நெனச்சுட்டேன். மறுநாளே நெஜமான ஆள் மாட்டிக்கிட்டான். இவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மன்னிப்புக் கேக்கப் போனேன். என்னைப் பாத்ததும் பதறி எழுந்து நிக்கிறார். கன்னத்துல வீக்கம் அப்படியே இருக்கு. 'நீங்க என்னை அடிக்கவே இல்லையே ஐயா'ங்கிறார். அன்னையிலேருந்து எனக்குச் சாப்பாடு எறங்கல மேடம். இப்பத்தான் பிஸ்கட் எறங்குது."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டினார். ஏட்டையா கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜுரம் விட்டவர்போல் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டப்புலிக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தாறு வருடக் காத்திருப்பு, ஒரே வார்த்தையில் போச்சு.

"கையெழுத்து ஆயிடுச்சு மேடம். இப்பவாவது அந்தப் புண்ணியவான் பேரைச் சொல்லுங்க!"

அதிகாரி ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா தலையாட்ட, அவர் புகார் மனுவைச் சட்டப்புலி பக்கம் திருப்பி வைத்தார்.

பெயரைப் படிக்கவே தேவையிருக்கவில்லை. மனுவின் அடியில் இருந்த கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, காகிதத்தின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

"சும்மா விட மாட்டேன்னியே தம்பி" என்றார் ஏட்டையா. "ஒரு டீயாவது வாங்கிக் கொடு, வா."