ஒரு வாளிச் சேறு

வாளியைக் கவிழ்த்தாள்.

பேருந்து நிலையத்தின் மூலையில், அவளே காலையில் கூட்டிப் பெருக்கிய சிமென்ட் தரையில், ஒரு வாளிச் சேறு பொத்தென்று விழுந்தது.

கோத்தகிரி வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும். பதினோரு வருடமாக இங்கே கூட்டுகிறாள். ஒரு நாளாவது யாராவது திரும்பிப் பார்த்ததுண்டா?

டைம் கீப்பர் போஜன் தன் அறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கூட்டுறவங்களே சேத்தக் கொட்டுனா, நாங்க யாருகிட்டக்கா போயிச் சொல்றது?"

அவள் குழாயடியில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்து வந்து சேற்றில் ஊற்றினாள்.

மேலே, கூரையை ஒட்டிய சுவரில், பன்னிரண்டு மரப்பெட்டிகள். தகைவிலான் குருவிகள் கூடு வைக்கட்டும் என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து மாட்டியவை. பறவைக் குழு நடத்தும் வின்சி டீச்சர் எண் போட்டு, ஆளுக்கொரு பெட்டி என்று பிரித்துக் கொடுத்தார். தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஏழாம் எண்ணை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏன் ஏழு என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

போன வருடம் அந்த இடத்தில்தான் கூடு இருந்தது. வெள்ளையடிக்க ஆள் வருகிறது, எல்லாவற்றையும் சுத்தம் செய் என்றார்கள். ஒட்டடைக் கம்பால் ஒரே தட்டு. காலிக் கூடு என்றுதான் நினைத்தாள்.

உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தன.

உடைந்ததை முறத்தில் அள்ளினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தக் குருவி கூரைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பறந்தது. பாவி, பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு தரையைக் கூட்டினாள்.

இந்த வருடமும் குருவி வந்தது. ஆனால் பெட்டிக்குள் போகவில்லை. பன்னிரண்டில் ஒன்றுக்குள்ளும் போகவில்லை.

எப்படிப் போகும்? தச்சருக்குக் கொடுத்தது சிட்டுக்குருவிப் பெட்டியின் அளவு. நாலு பக்கமும் அடைத்து, முன்னால் உருண்டையாக ஓர் ஓட்டை. இதுவோ திறந்த இடத்தில் சுவரோடு ஒட்டி, சேற்றை உருட்டி உருட்டி வைத்துக் கட்டுகிற குருவி. டீச்சர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் பலகையாக மாற்றிவிடலாம் என்றார்.

குருவிக்குப் பரீட்சை லீவெல்லாம் கிடையாதே.

அது ஏழாம் பெட்டியின் தலையில் வந்து உட்காரும். பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடம். சுவரைப் பார்க்கும். கீழே இறங்கித் தரையைக் கொத்திப் பார்க்கும். எங்கு பார்த்தாலும் சிமென்ட். மேலே பங்குனி வெயில். ஒழுகிக்கொண்டிருந்த ஒரே குழாயையும் போன மாதம் சரிசெய்துவிட்டார்கள். வெறும் வாயோடு பறந்து போகும்.

மூன்று நாள் அந்தக் கண்றாவியைப் பார்த்தாள். நாலாம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ஓடைக்கு நடந்தாள்.

சேறு கொட்டிய அன்று குருவி கீழே இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. சேறு காயக் காயத் தண்ணீர் ஊற்றினாள். வேட்டிக்காரர் ஒருவர் மிதித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். நாலு செங்கல்லைச் சுற்றி வைத்தாள். போஜன் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை, ஊட்டி வண்டி கிளம்பிய புகைக்குள் அது இறங்கியது. சேற்றைக் கொத்தியது. மேலே போனது.

ஏழாம் பெட்டியின் தலையில், சுவரோடு ஒட்டி, ஓர் உருண்டை.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் தினமும் ஒரு வரிசை ஏறியது. முந்தின நாள் வைத்தவை காய்ந்து வெளுத்திருக்கும். புதிதாக வைத்தது கருப்பாக இருக்கும். நோட்டில் 'பெட்டிக்குள்ளே: இல்லை' என்று எழுதி, பக்கத்தில் 'மேலே இருக்கு' என்று சேர்த்தாள்.

ஆறாம் நாள் அவளுக்கு லீவு. அன்று பார்த்துக் குன்னூரில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. போகாமல் இருக்க முடியுமா?

வளையல் போடும்போதும் நினைப்பெல்லாம் அந்த மூலையில்தான். அடிக்கிற வெயிலுக்குப் பத்து மணிக்கே சேறு வெடித்திருக்கும். பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டுக் குருவி போய்விடும். இரண்டாவது தடவையும் நானேதானா, ஆண்டவரே?

மறுநாள் முதல் வண்டியில் வந்து இறங்கினாள். இறங்கியதும் அண்ணாந்து பார்த்தாள்.

வெளுத்த வரிசைகளுக்கு மேலே, இன்னும் சரியாகக் காயாத ஒரு வரிசை.

மூலைக்கு ஓடினாள். சேறு தளதளவென்று இருந்தது. செங்கல் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் ஜக். டைம் கீப்பர் அறையில் குடிதண்ணீர் வைத்திருக்கும் ஜக்.

போஜன், வராத வண்டிக்கு நேரம் எழுதுகிற மாதிரி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் போய் நின்றாள். இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"சார், போன வருசம் நான் தட்டுன கூட்டுல முட்ட இருந்துச்சு. ரெண்டு."

அவர் நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றது.

"தெரியும்க்கா. கம்ப எடுத்துக் குடுத்ததே நான்தான."

ஊட்டி வண்டி வந்து நின்றது.

அவள் ஜக்கை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சேற்று மூலையைக் காட்டி, அங்கேயே இருக்கட்டும் என்று கையசைத்தார்.

பிறகு, அவளுடைய அடுத்த லீவு என்றைக்கு என்று கேட்டு, காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார்.