காறிப்போன வால்நட்

"நல்லா இருந்துச்சா?" என்று மகளிடம் கேட்டாள் அவள்.

"சூப்பரா இருந்துச்சு" என்று காலிக் கிண்ணத்தை நீட்டினாள் மகள். வாரம் முழுக்க அதே பதில்தான்.

பூரித்துப்போன அவள், டப்பாவிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்து வாயில் போட்டாள். மறுநொடியே துப்பினாள். பழைய எண்ணெய் வாடை. தொண்டை காறியது.

"ஐயோ, கெட்டுப்போச்சேடி! இதையா தினமும் தின்னே? ஏன் சொல்லல?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குறை சொன்னா, நீங்களும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு..."

குழந்தையைப் பெற்றவள் சண்டை போட்டுக்கொண்டு போன வீடு இது. இவள் இரண்டாம் தாரமாக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

சட்டென்று தரையில் உட்கார்ந்து, குழந்தையை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

"நான் எங்கயும் போகமாட்டேன். என்ன தப்பு பண்ணினேன், சொல்லு. நல்லாத் திட்டு."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"அடுப்புப் பக்கத்துல வச்சா கெடாம என்ன செய்யும்? இறுக்கி மூடி பிரிட்ஜ்ல வைக்கணும்னு பாக்கெட்லயே போட்டிருக்கே!"

"சரி, அப்புறம்?"

"அப்புறம்... நீங்க தலை பின்னினா ரொம்ப வலிக்குதும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் சொல்லு."