பென்ஷன்காரர் பெண்டாட்டி

வரப்பின் மேல் நின்றுகொண்டு, கமலாம்பாள் வயலை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். வேலியில் ஆட்டுக்குக் கிளுவைத் தழை ஒடித்துக்கொண்டிருந்த தையல்நாயகி, கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"என்ன கமலா, அப்படிப் பாக்குற? இதுக்கு முன்ன வயலப் பாத்ததே இல்லியா?"

"சும்மாதான்க்கா."

சும்மாவாம்! காரைக்காலில் சொகுசாக இருப்பவள், சும்மாவா பஸ் ஏறி வரிச்சிக்குடிக்கு வருவாள்?

முந்தாநாள்தான் கமலாம்பாளின் புருஷன் சிவநாதனுக்கு ஆபீசில் ஓய்வு விழா. கொழுந்தனுக்குப் பக்கத்தில் இவளும் கழுத்துக் கொள்ளாத மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோலம் தையல்நாயகியின் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. "இனிமே என்னம்மா, காலாட்டிக்கிட்டே பென்ஷன் வாங்கலாம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தையல்நாயகி அன்றைக்குப் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ரெண்டு பேர். மூத்தவளுக்கு வாய்த்தது மண்வெட்டி பிடிக்கிற உத்திராபதி, இளையவளுக்கு ஆபீஸ்காரன். அந்தச் சிவநாதனும் பல வருஷம் அதே ஆபீசில் தினக்கூலியாக ஓடி, தலை நரைத்த பிறகுதான் நிரந்தரமானான். அந்தச் சந்தோஷத்தில், "இனிமே எனக்கெதுக்குண்ணே நெலம்? நீயே வச்சுக்க" என்று தன் பங்கை அண்ணன் பேருக்கு எழுதிக்கொடுத்தான்.

எழுதிக்கொடுத்த நிலத்தைத்தான் இன்றைக்கு அவன் பெண்டாட்டி வந்து அளக்கிறாள்.

"ஆடு நெறைய ஆயிடுச்சேக்கா" என்றாள் கமலாம்பாள்.

"கண்ணு வைக்காத தாயி. அறுபது வயசுல இப்பதான் புத்தி வந்து கடைசி காலத்துக்குன்னு சேக்க ஆரம்பிச்சிருக்கோம். உனக்குப் பென்ஷன் பேங்க்குல வந்து விழும். எங்க பென்ஷன் இந்தா, கிளுவ மேஞ்சுக்கிட்டு நிக்கிது."

கமலாம்பாள் சிரிக்கவில்லை.

"நடவு எப்பக்கா?"

"நாளைக்கு."

"ஆளு கெடைக்குதா?"

"எங்க? நூறு நாள் வேல, கட்டட வேலன்னு எல்லாரும் ஓடிடுறாளுவ. கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டியாரணும்."

"கூலி என்ன குடுக்குறீங்க?"

பார், விசாரணையை! செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறாள். தையல்நாயகி தழையைப் படக்கென்று ஒடித்தாள்.

"ஊர்ல எல்லாரும் குடுக்குறதுதான்."

"மத்தியானம் சோறு உண்டாக்கா?"

"உண்டு, உண்டு. உன் வீட்டுக்காரரு விழா மாதிரி எலை போட்டு, அப்பளம் பாயசத்தோட விருந்துதான் வைக்கிறதில்ல."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். கமலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்பது தையல்நாயகிக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சுத்தி வளைக்காத கமலா! எழுதிக்குடுத்த பங்கத் திருப்பிக் கேக்கத்தானே வந்துருக்க? மேல பென்ஷனையும் வாங்கிக்கிட்டு, கீழ நெலத்தையும் உருவிக்கிட்டுப் போனீன்னா, ஓடியாட முடியாத காலத்துல நானும் அவரும் யாரு வீட்டு வாசல்ல போயி நிக்கிறது?"

"ஐயோ, சாமி சத்தியமா இல்லக்கா! குடுத்தது குடுத்ததுதான்."

"பின்ன எதுக்கு இத்தன விசாரண?"

கமலாம்பாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது.

"தினக்கூலியா இருந்த வருஷமெல்லாம் பென்ஷனுக்குச் செல்லாதாம்க்கா. வர்றது அவரு மாத்திரைக்கே காணாது. விழா அன்னைக்கே தெரியும். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

தையல்நாயகி கையிலிருந்த தழையை ஆட்டுக்கு முன்னால் போட்டாள்.

கமலாம்பாள் செருப்பைக் கழற்றி வரப்போரம் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு நடவுக்கு என்னையும் எறக்கிவிடுங்கக்கா... கூலிக்குத்தான்."