கோணல் தையல்
ஷ்டிப் நகரத்துச் சட்டை ஆலையில், இஸ்திரி நீராவிக்கு நடுவே குழல்விளக்குகள் பகலிலும் எரிகின்றன. அடுத்து எந்தப் பள்ளியில் என்ன படிப்பது என்று முடிவெடுக்க வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சரோடு வேலையைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். மூன்றாவது மெஷினில் லென்ச்சே நிமிராமல் தைக்கிறாள். கூட்டத்தில் நிற்கும் யானா அவள் மகள். அவளைத் தலைநகர் ஸ்கோப்யேவுக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே லென்ச்சேயின் ஒரே நினைப்பு. "தைக்கச் சொன்னா கோணலா தை, கண்ணு. நல்லா தைச்சா விடமாட்டாங்க" என்று காலையில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மேற்பார்வையாளர் பாவ்லினா ஒரு காலரை நீட்டுகிறாள். "வாடி ஒல்லிக்குச்சி, உட்காரு." யானா உட்காருகிறாள். ஆலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் காலர்களை எட்டு வயதிலிருந்து அம்மாவோடு தைத்த கைகள் அவை. ஊசி இறங்குகிறது, துணி தானாகத் திரும்புகிறது. பாவ்லினா காலரை விளக்கருகே தூக்கிப் பிடிக்கிறாள். "அடியே லென்ச்சே, உன் பொண்ணு உன்னையே தூக்கிச் சாப்பிட்டுட்டா! டீச்சர், இவ பேரைத் தையல் பள்ளிக்கு எழுதிக்கோங்க." டீச்சரின் பேனா நகர்கிறது. வகுப்பே கைதட்டுகிறது. இதுவரை எதற்கும் கைதட்டல் வாங்காத யானா, காது சிவக்கச் சிரிக்கிறாள். லென்ச்சே நிமிர்ந்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறாள்.